தாமாகவே முன்வந்து

பள்ளிக்கூட வேனை என் அத்தா ஓட்டிய காலத்தில், அவருக்கு இடப்பக்கத்து முன்சீட்டு என்னுடையது. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அரசுப் பேருந்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அருப்புக்கோட்டைக்கு வெளியே, திருச்சுழி போகிற ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். என் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அம்மா மவுத்தாகிப் பல வருஷமாகிவிட்டது. ஆக, வீட்டில் நானும் அத்தாவும் மட்டும்தான்.

ஓய்வு பெற்ற புதிதில் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தவித்துவிட்டு, ஒருநாள் அவராகவே எங்கள் பள்ளித் தாளாளரைப் போய்ப் பார்த்து வேன் ஓட்டும் வேலையைக் கேட்டு வாங்கிவந்தார். பரளச்சிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிற வேன். காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். கரிசல் காட்டுக்கு நடுவே கிராமத்து ரோடு பிரிகிற ஒவ்வொரு விலக்கிலும் பிள்ளைகள் புத்தகப் பையோடு நிற்பார்கள். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு திரும்புவோம். அத்தா ஓட்டினால் வேனுக்குள் ஒரு தண்ணீர் பாட்டில்கூட உருளாது என்று பிள்ளைகளின் அம்மாமார் சொல்வார்கள்.

அவருக்குக் கண்ணில் நீரழுத்தம் இருப்பது மதுரையில் காட்டியபோதுதான் தெரிந்தது. டாக்டர் இளம்பெண். பொறுமையாக எங்கள் இருவருக்கும் விளக்கினார். நேராகப் பார்ப்பது நன்றாகத் தெரியும், ஓரங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வரும், இடது கண்ணில் ஏற்கெனவே நிறையப் போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். பிறகு கேட்டார்.

"வண்டி ஏதும் ஓட்டுறீங்களா அய்யா?"

"முன்னாடி ஓட்டுனேன்" என்றார் அத்தா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பாலவனத்தம் தாண்டும்போது, "நேரே இருக்கிறது எல்லாம் பளிச்சுன்னுதான் தெரியுது" என்று அவராகச் சொன்னார். "சரித்தா" என்றேன். மறுநாள் காலையில் வழக்கம்போல வேனை எடுத்தார். நான் வழக்கம்போல முன்சீட்டில் ஏறினேன். ஆனால் அன்றிலிருந்து பேச ஆரம்பித்தேன்.

"அந்தா சைக்கிள்ல வாராரே, அவரு நம்ம தச்சு வேலைக்காரர் மாதிரி இல்ல?"

"எம்புட்டு ஆடுத்தா, ரோட்டுல பாதிக்கு வந்துருச்சு."

இடப்பக்கம் எது வந்தாலும் அதைப் பற்றி ஒரு பேச்சு. அத்தா 'ம்' கொட்டியபடி வேகத்தைக் குறைப்பார். நான் ஏன் இப்படி ஓயாமல் பேசுகிறேன் என்று அவர் கேட்டதே இல்லை. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். வருஷந்தோறும் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை நடந்தது. எதிரே மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டு வந்துவிடுவார். நேரே இருக்கிறதல்லவா, தெரியத்தானே செய்யும். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அடுத்த நாளும் அதே சீட்டில் போய் உட்காருவேன்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு ஒரு இங்கிலீஷ் நாடகம் கட்டாயம் வேண்டும் என்றார் தாளாளர். பெற்றோர்கள் ஆசைப்படுகிறார்கள் என்றார். பல நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு சரித்திர நாடகத்திலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் படிக்கும்போது என் மனசைப் பிடித்துக்கொண்ட காட்சி அது. ஒரு ராஜா. வெளிநாட்டுச் சண்டைக்குப் போன இடத்தில், இங்கே அவருடைய சித்தப்பா மகன் படை திரட்டிவிடுகிறான். நாடு மொத்தமும் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இனி மகுடம் அவனுக்குத்தான். ஆனால் பறித்துக்கொண்டான் என்று ஊர் சொல்லக் கூடாது. அதனால் பழைய ராஜாவைச் சபைக்கு வரவழைத்து, "என் விருப்பத்தோடு தருகிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லவைக்கிறார்கள். ராஜா மகுடத்தை நீட்டுகிறார், ஆனால் கையை எடுப்பதில்லை. அவர் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்புறம் முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டு வாங்கி, அதைத் தரையில் போட்டு உடைக்கிறார்.

ராஜா வேஷத்துக்குப் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண்ணைப் போட்டேன். நெடுநெடுவென்று இருப்பாள், நல்ல குரல். மகுடத்தை வாங்கும் தம்பி வேஷத்துக்கு, மேடை என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஒரு பையன். வாங்குகிறவனுக்கு வசனம் கொஞ்சம்தான். சும்மா நின்றால் போதும். கண்ணாடியை உடைக்கத் தாளாளர் சம்மதிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டோம். அது விழுந்து 'கணார்' என்று உருளும்போதெல்லாம் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் வந்து சிரிப்பார்கள்.

ஒத்திகை முடியச் சாயங்காலம் ஆகிவிடும். நடிக்கும் பிள்ளைகளை வீடு சேர்ப்பதற்காக அத்தா காத்திருப்பார். அஸர் தொழுகையை முடித்துவிட்டுத் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஹாலில் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னைக் கேட்பார்.

"அந்தப் புள்ளதான் ராஜாவாம்மா?"

"ஆமாத்தா."

"அந்தப் பய?"

"ராஜாவோட சித்தப்பா மகன். இனிமே அவன்தான் ராஜா."

"அடிச்சுப் புடுங்கினானா?"

"இல்லத்தா. இவராத்தான் குடுக்குறாரு."

"இவராவா?" அத்தா சிரித்துவிட்டார். "சுத்தி அம்புட்டுப் பேரு கத்தியோட நிக்கிறாக. இவராக் குடுக்குறாராக்கும்!"

அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆண்டு விழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அது நடந்தது. காட்சி நீளமாக இருக்கிறது, குறையுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். வேனில் வரும்போதே வசனத்தாளை மடியில் விரித்துவைத்து, எந்த வரியை வெட்டலாம் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ராஜாவின் பேச்சில் எதை வெட்டவும் மனசு வரவில்லை. தலை குனிந்து அதிலேயே இருந்துவிட்டேன்.

பிரேக் பிடித்த வேகத்தில் என் நெற்றி முன்கண்ணாடியில் போய் முட்டியது. பின்னால் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தால், இடப்பக்கக் காட்டுப் பாதையிலிருந்து மொபட்டில் வந்த ஒரு பெரியவர் ரோட்டோரத்தில் கிடந்தார். மாட்டுக்கு அவர் கொண்டுபோன பசும்புல் கட்டு அவிழ்ந்து ரோடெல்லாம் சிதறியிருந்தது. வேன் அவர்மேல் மோதவில்லை. மோத இருந்தது. அவரே எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டார்.

அத்தா இறங்கி ஓடினார். "எங்கிட்டிருந்துய்யா வந்தீக? திடுதிப்புனு வந்து விழுறீகளே!"

"திடுதிப்புனா?" அந்தப் பெரியவருக்குக் கோபமே வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. "அந்தா வேப்பமரத்துலருந்து ஆரன் அடிச்சுக்கிட்டேதானய்யா வாரேன். என்னயப் பாத்துட்டீகன்னுல்ல நெனச்சேன்."

வேனுக்குள் ஒரு யு.கே.ஜி. பிள்ளைக்கு உதடு கிழிந்திருந்தது. முன்சீட்டுக் கம்பியில் இடித்திருக்கிறாள். வெள்ளைச் சட்டையில் ரத்தம். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கைக்குட்டையால் அழுத்திப் பிடித்தேன். அத்தா திரும்பி வந்து சீட்டில் ஏறினார். ஸ்டியரிங்கில் கையை வைத்தவர் வண்டியைக் கிளப்பவில்லை. என் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார், கீழே விழுந்து கிடந்த வசனத்தாளைப் பார்த்தார்.

"இன்னிக்கு நீ பேசவே இல்லையேம்மா" என்றார்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை. வழி தவறிய ஆள் வழி கேட்பது போல இருந்தது. அவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. நான் அவருடைய இடது கண்ணாக உட்கார்ந்து வந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேன் நிறையப் பிள்ளைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் இத்தனை நாள் அந்த விளையாட்டை விளையாடியிருக்கிறோம்.

சாயங்காலம் அந்தப் பிள்ளையை நானே அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவளுடைய அம்மா திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க அத்தா சட்டுனு பிரேக்கு பிடிச்சாகளாமே மிஸ். வேற ஆளா இருந்தா என்னாயிருக்கும்!" என்றாள். அவள் திட்டியிருந்தால் என்னால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

மறுநாள் நான் தாளாளர் அறைக்குப் போனேன். பஞ்சு வியாபாரக் குடும்பத்துக்காரர், அத்தா வயசுக்குச் சற்று இளையவர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். மதுரை டாக்டர் சொன்னதிலிருந்து மொபட் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

"நான் சொன்னேன்னு அவுகளுக்குத் தெரிய வேணாம் சார்" என்றேன். அதைச் சொல்லும்போதே என் முகம் சுட்டது.

"நானாச் சொன்னதா இருக்கட்டும் டீச்சர்" என்றார் அவர். "பெத்த மகளக் கோவிச்சுக்கிட்டு அவரு எங்க போவாரு? என்னயக் கோவிச்சுக்கிடட்டும். ஆனா நம்ம நிறுத்துன மாதிரி இருக்க வேணாம். அவராவே முன்வந்து விட்டதா வச்சுக்கிடுவோம். ஆண்டு விழாவுல ஒரு பொன்னாடை போத்திருவோம். மரியாதையா இருக்கும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. ஹாலில் பிள்ளைகளுக்கு நான் அன்றாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது இதே காரியத்தைத்தான் என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. மாடிப்படி இறங்கும்போது, இடைவேளையில் பிள்ளைகள் தாங்களாகவே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஹாலில் தட்டு விழுந்து உருளும் சத்தம் கேட்டது. படியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். மேலே ஏறிப்போய், வேண்டாம் சார், நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கீழேதான் போனேன்.

அத்தாவை அன்றைக்கே கூப்பிட்டுப் பேசினார்கள். நான் வகுப்பில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வேன் நிற்கும் இடம் தெரியும். தாளாளர், அத்தா, அதற்குள் வரவழைத்திருந்த புது ஓட்டுநர் மூன்று பேரும் வேன் பக்கத்தில் வந்து நின்றார்கள். புது ஓட்டுநர் பந்தல்குடிக்காரர், முப்பது வயசு இருக்கும், கூச்சத்தோடு ஒதுங்கி நின்றார். அத்தா சாவியைக் கொடுத்துவிட்டு வேனுக்குள் ஏறி, கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த துடைப்புத் துணி, தண்ணீர் பாட்டில், சீட்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த சின்னத் தலையணை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் தாளாளர் நீட்டிய கையைப் பிடிக்க முடியவில்லை. பிடிக்கக் கூடாது என்றுதான் அப்படி எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

வீட்டில், சோறு போட்டு வைத்த தட்டை அவர் தொடவில்லை.

"கரஸ்பாண்டெண்டு நிப்பாட்டிட்டாரு" என்றார். "கண்ணு செரியில்லைன்னு கேள்விப்பட்டாராம். யாரு சொன்னாகன்னு கேட்டேன். அதெல்லாம் எதுக்குங்கிறாரு."

நான் குழம்புக் கரண்டியோடு நின்றேன்.

"நீ எதும் சொன்னியாம்மா?"

"இல்லத்தா" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

"அதான பாத்தேன்" என்றவர் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். நான் சொல்லவில்லை என்றதும்தான் அவருக்குச் சோறு இறங்கியது. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆண்டு விழா அன்று அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, அத்தர் பூசிக்கொண்டு வந்துவிட்டார். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டுத் தாளாளர் பொன்னாடை போர்த்தினார். "இளைஞர்களுக்கு வழிவிட்டு, தாமாகவே முன்வந்து ஓய்வு பெறுகிறார்" என்று ஒலிபெருக்கியில் தமிழாசிரியர் சொன்னார். பிள்ளைகள் விசிலடித்துக் கை தட்டினார்கள். அத்தா நிமிர்ந்து நேரே பார்த்தபடி நின்றார். இறங்கும்போது படியின் இடப்பக்க விளிம்பில் கால் வைக்கப்போனார். புது ஓட்டுநர்தான் ஓடிப்போய்த் தாங்கினார்.

அடுத்து எங்கள் நாடகம். நான் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் வசனத்தாளோடு நின்றேன். அந்தப் பெண் அன்றைக்கு அபாரமாகச் செய்தாள். சபை அமைதியாகிவிட்டது. பரளச்சியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்திருந்த தாய்மார்கள், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், கைக்குழந்தையை அமர்த்திக்கொண்டு பார்த்தார்கள். தறிப்பட்டறையிலிருந்து வாங்கிவந்த ஜரிகைத் துணுக்குகளை அட்டையில் ஒட்டிச் செய்த மகுடத்தை அவள் கழற்றி நீட்டினாள். அங்கேதான் பையன் மறந்துவிட்டான். கையை நீட்ட வேண்டும். நீட்டவில்லை. மகுடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மரம் போல நின்றான். அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இவ்வளவு நேரம் நடிப்பாக இருந்தது, இப்போது நிஜமாகவே கொடுக்க முடியாமல் ஒருத்தி நிற்பதாக ஆகிவிட்டது.

பையன் என் பக்கம் திரும்பினான்.

"வாங்குடா" என்றேன் கிசுகிசுவென்று. அவனுக்குக் கேட்கவில்லை. கையை முன்னால் நீட்டி, எதையோ பறித்து இழுப்பது போலச் சைகை காட்டினேன். வாங்கு, பிடி, இழு. மறுபடியும் காட்டினேன். அவன் பாய்ந்து மகுடத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். ஓரத்து அட்டை கிழிந்தது. கூட்டம் கை தட்டியது.

நீட்டிய கையை மடக்காமலேயே நான் முன்வரிசையைப் பார்த்தேன். பொன்னாடையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு அத்தா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடம் அவருக்கு இடப்பக்கம், ஓரத்தில். என்னை அவரால் பார்த்திருக்கவே முடியாது. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவருடைய கண் குருடான பக்கத்தில் நின்றுகொண்டு நான் தைரியமாக இருந்தேன்.

அதற்குப் பிறகு அத்தா தாளாளரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பள்ளிவாசல் வாசலில், டீக்கடையில், சந்தையில். "பொன்னாடையப் போத்தி எறக்கிவிட்டாரு. நாப்பது வருசம் ஸ்டியரிங்கு பிடிச்சவன் நான். எவனோ சொன்னானாம், இவரு கேட்டாராம்." கேட்டவர்கள் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னார்கள். சொந்தக்காரப் பையனுக்கு வேலை போட்டுக்கொடுக்கத்தான் இப்படிச் செய்தார் என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது. அது தாளாளர் காதுக்கும் போயிற்று. அவர் என்னை எதிரில் பார்க்கும்போதெல்லாம், "அத்தா நல்லா இருக்காகளா டீச்சர்?" என்று மட்டும் கேட்பார். அவர் வராந்தாவில் வருவது தெரிந்தால் நான் மாடிப்படி வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

சித்திரையில் தாளாளர் மகளுக்குக் கல்யாணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் அவர் மனைவியும் பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளித் தட்டில் பத்திரிகை, பழம், வெற்றிலை. நான் நாற்காலி போட்டுவிட்டு அத்தாவைக் கூப்பிட உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அங்க வச்சுட்டுப் போகச் சொல்லு" என்றார். ஹாலுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

"அத்தா, வீடு தேடி வந்திருக்காக..."

"வச்சுட்டுப் போகச் சொல்லுன்னேன்."

நான் ஹாலுக்கு வந்தபோது தாளாளரின் மனைவி முகம் செத்துப்போயிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம், வீடு தேடி வந்தவர் நீட்டுகிற பத்திரிகையைக் கையில் வாங்காவிட்டால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. தாளாளர் எழுந்து, தட்டிலிருந்து பத்திரிகையை எடுத்து டிவி மேசைமேல் வைத்தார். பழத்தையும் அதன் பக்கத்தில் வைத்தார். "அவுக மனசு ஆறட்டும். நீங்க அவசியம் கூட்டிட்டு வாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு இறங்கிப்போனார். அப்போதுகூட என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் உள்ளே போய்க் கட்டிலுக்கு நேர் எதிரில், அவருக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்றேன்.

"நான்தான் அத்தா சொன்னேன்."

"என்னது?"

"ஒங்க கண்ணப் பத்திக் கரஸ்பாண்டெண்டுகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். நான் சொன்னேன்னு சொல்லாதீகன்னும் நான்தான் கேட்டுக்கிட்டேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

அத்தா என்னைப் பார்த்தார். அவர் கத்துவார், அழுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அவரு போயிட்டாரா?"

"போயிட்டாரு."

செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். தெருமுனை வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. "வீடு தேடி வந்த மனுசன, பொம்பளையோட வந்தவர, மொகத்தக்கூடக் காட்டாம அனுப்பிட்டேனே. எம்புட்டுப் பேரு கிட்டச் சொல்லியிருக்கேன்!" என்று தலையில் கை வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். நானும் கிளம்பினேன்.

"நீ வர வேணாம்" என்றார்.

தாளாளர் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மத்தியானம் திரும்பி வந்து கைகால் கழுவித் தொழுதுவிட்டுச் சாப்பிட்டார். பத்திரிகையை எடுத்துத் தேதியைச் சத்தமாக வாசித்து, "போகணும்" என்றார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

சில நாள் கழித்து, வேனில் புது ஓட்டுநர் என்னிடம் சொன்னார். நான் இப்போது பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்கிறேன். "நேத்து டீக்கடையில ஒங்க அத்தா எல்லாரு முன்னாடியும் நின்னு, கரஸ்பாண்டெண்ட நான் தப்பாப் பேசிட்டேன், அவரு மேல குத்தமில்லைன்னு சொன்னாக மிஸ். கேக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. அப்ப யாருதாய்யா போட்டுக்குடுத்ததுன்னு ஒருத்தர் கேட்டாரு."

"என்ன சொன்னாக?"

"நானாத்தேன் விட்டேன்னுட்டாக. பார்வை கொறஞ்சுபோச்சு, பிள்ளைகள வச்சு ஓட்டக் கூடாதுன்னு நானாத்தேன் விட்டேன்னு."

அன்றைக்கு நான் முதல் பீரியடு வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். தாளாளரும் நானும் சேர்ந்து அவர் வாயில் வைக்கப் பார்த்த பொய், ஒலிபெருக்கியில் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளாத பொய். எனக்காக இப்போது அதை அவரே டீக்கடையில் நின்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்குப் போனோம். தாளாளர் அத்தாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் பந்தியில் உட்காரவைத்தார். இருவரும் மழையைப் பற்றியும் மல்லி விலையைப் பற்றியும் பேசினார்கள். அவர்களுக்குள் அது முடிந்துபோயிற்று.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சோறு கேட்கிறார், பேரன் போன் பண்ணினால் சிரித்துப் பேசுகிறார், காய்ச்சல் என்றால் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். நான் செய்தது சரிதான் என்று என் கணவர் போனில் சொல்கிறார். வேனை நிறுத்தியது சரிதான். அதற்கு முன்னால் சொல்லாமல் இருந்ததும், அதற்குப் பின்னால் 'இல்லத்தா' என்றதும்தான் என்னை அரிக்கிறது. சில காலை நேரங்களில் பள்ளிக்குக் கிளம்பும்போது, வாசலில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். வேன் வந்து நின்றதும் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார்.

போன வாரம் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். "மழை வரும் போல இருக்குத்தா, குடையை எடுத்துட்டுப் போங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு வாசலுக்குப் போய், இடப்பக்கமும் வலப்பக்கமுமாகக் கழுத்தைத் திருப்பி, வானத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்து குடையை எடுத்தார்.